ஞாயிற்றுக்கிழமைத் தூசி

சுகுணா சொல்லக் கேட்டதை நான் சரியான வரிசையில்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அன்றைக்கு அவளும் அருள்மணியும் முதலில் பள்ளிக்கூட மாடிக்குப் போனார்களா, கிரஷருக்குப் போனார்களா என்று கேட்டால் சுகுணா மாடி என்கிறாள். அருள்மணி தோளைக் குலுக்குகிறார். காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதும் மறந்துவிட்டது. மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்பது மட்டும் நிச்சயம். வேறு கிழமையாக இருந்திருந்தால் மாடி ஏறிய நிமிடமே வழக்கு முடிந்திருக்கும்.

அருள்மணி போலீஸ் வேலையைப் பாதியில் விட்டவர். புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்திருந்தார். சுகுணா அவருடைய உதவியாளர். அவருக்கும் சேர்த்து அவளே பேசுவாள். வண்டியையும் அவள்தான் ஓட்டுவாள். அருள்மணி ஓட்டினால் யோசிப்பார், யோசித்தால் வண்டி பள்ளத்தில் இறங்கும்.

கீரனூரைத் தாண்டி குன்றாண்டார்கோவில் பக்கம் திரும்பியதும் சுகுணா கழுத்தைத் திருப்பினாள்.

"சார், பின்னால இருக்கீங்களா, எங்கயாவது விழுந்துட்டீங்களா?"

"ம்."

"இருக்கீங்க. சந்தோசம்."

நெடும்பாறைப்பட்டி நெருங்க நெருங்க மரங்களின் நிறம் மாறியது. சாலையோரத்து வேப்ப மரங்கள் மாவு மில்லில் வேலை முடித்து வந்தவை போல நின்றன. ஊருக்குள் எல்லா வீட்டு வாசலிலும் ஒரு பழைய சேலை தொங்கியது. நுனியில் தண்ணீர் சொட்டியது.

"என்ன சார், ஊரே வாசல்ல துணி காயப்போட்டிருக்கு?"

"காயப்போடல. நனைச்சுத் தொங்க விட்டிருக்காங்க. தூசி உள்ள வராம."

சுகுணா வண்டியின் வேகத்தைக் குறைத்தாள். அவளுக்கும் தொண்டை கரகரத்தது.

அவர்களை வரவழைத்தவள் உண்ணாமலை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். போன வாரம் அலுவலகத்துக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னதை அருள்மணி மறக்கவில்லை. ஊருக்கு மேற்கே வீரய்யாவின் கல் உடைக்கும் கிரஷர். அதன் தூசியில் ஊரே இருமியது. உண்ணாமலையின் மூத்த மகள் கார்த்திகா, ஏழாம் வகுப்பு படித்தவள், மூச்சுத்திணறலில் ஆவணி மாதம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். அதற்கு இரண்டு மாதம் முன்பே ஊர் மனுக் கொடுத்து, பள்ளிக்கூட மாடியில் காற்றின் தூசியை அளக்கும் பெட்டி ஒன்றை வைக்க வைத்திருந்தது. மனுவில் முதல் கையெழுத்து உண்ணாமலையுடையது. பெட்டி வந்தது. காற்று சுத்தமாக இருக்கிறது என்று சொன்னது.

"அது பொய் சொல்லுது சார்," என்றாள் உண்ணாமலை. "யாரோ சொல்ல வைக்கிறாங்க. அது யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. எம்புள்ளைக்கு இருந்த ஒரே சாட்சி அது."

திங்கட்கிழமை புதுக்கோட்டையில் விசாரணை. பெட்டியின் அளவுகளை அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டால் வீரய்யாவுக்கு இரண்டாவது கிரஷருக்கும் அனுமதி கிடைத்துவிடும். உண்ணாமலையின் சின்ன மகள் அன்புமொழிக்கு மூன்றாம் வகுப்பு. தை மாதத்திலிருந்து அவளும் இருமினாள்.

பள்ளிக்கூடச் சாவியைத் தலைமை ஆசிரியை பெட்டிக்கடையில் கொடுத்து வைத்திருந்தார். இரும்பு ஏணி வழியாக மாடிக்கு ஏறினார்கள். தளம் முழுவதும் கோலமாவைக் கொட்டிப் பரப்பியது போல வெள்ளை. நடந்தால் செருப்பின் அச்சு விழுந்தது. நடுவில் நான்கு இரும்புக் குழாய்கள், மேலே ஒரு தகரம், அதன் அடியில் அந்தப் பெட்டி. பெட்டியின் அடியில் சிமெண்டு விரிசலில் பச்சையாகப் புல்.

சுகுணா குனிந்து பார்த்தாள். "சார், ஊர்ல கம்மாயே காஞ்சு கெடக்கு. மொட்டமாடியில புல்லு மொளச்சிருக்கு. யாரோ மெஷினுக்குத் தண்ணி ஊத்தி வளக்குறாங்க."

அருள்மணி புல்லைப் பார்க்கவில்லை. பெட்டியைச் சுற்றித் தளம் மட்டும் சுத்தமாக இருப்பதையும், அந்தச் சுத்தம் சதுரமாக முடிவதையும், சதுரத்தின் ஓரத்தில் தண்ணீர் காய்ந்த உப்புக்கோடு ஓடுவதையும் பார்த்தார். குழாய் ஒன்றில் கிழிந்த துணிக்கயிறு ஒன்று முடிச்சுப் போட்டபடி கிடந்தது. அவிழ்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"தண்ணி தெளிச்சுத் தூசிய அமுக்கியிருக்கான். கெட்டிக்காரன்தான்," என்றாள் சுகுணா. "வீரய்யா ஆளு வச்சிருக்காரு. கேஸ் முடிஞ்சுது. டீ சாப்பிடப் போலாமா?"

"இங்க பாரு."

பெட்டியின் நெற்றியில், கம்பெனிப் பெயருக்கு மேலே, சந்தனமும் அதன் நடுவில் குங்குமமும் இருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்தது. காய்ந்து வெடித்திருந்தது, ஆனால் யாரும் அழிக்கவில்லை.

"கூலிக்குக் கெடுக்க வந்தவன் பொட்டு வைப்பானா சுகுணா?"

அவள் பொட்டை உற்றுப் பார்த்தாள். "பக்திமானா இருந்தா வைப்பான்," என்றாள், நம்பிக்கையில்லாமல்.

கிரஷருக்கு அன்று விடுமுறை. ஆனாலும் லாரிகள் தார்ப்பாய் போடாமல் எம்-சாண்ட் என்கிற கல்மணலை ஏற்றிக்கொண்டிருந்தன. மூடாத மணல் குன்றுகளின் உச்சியிலிருந்து காற்று நூல் நூலாகப் புகை இழுத்தது. வீரய்யா குளிர்சாதன அறையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஒருவர்தான் அந்த ஊரில் சட்டை வெள்ளையாக இருந்த ஆள். மற்றதெல்லாம் தூசியில் வெளுத்திருந்தது.

"வாங்க சார், உக்காருங்க. இங்கிட்டு ஏசி காத்து வரும். நான் எதுக்கு சார் மெஷினத் தொடணும்? அதுதான எனக்கு சர்ட்டிபிகேட்டு." ஒரு அலைபேசியை நீட்டினார். திரையில் பெட்டியின் அளவைக் காட்டும் ஒரு கோடு ஏறி இறங்கியது. "நீங்களே பாருங்க. நாங்க கிரஷர் ஓட்டுற நாள்ல காத்து சுத்தம். நாங்க மூடுற ஞாயித்துக்கெழமை தூசி. அப்பத் தூசி யாரோடது?"

"ஞாயித்துக்கெழமையோடது," என்றாள் சுகுணா. "அதக் கைது பண்ணிரலாம் சார்."

வீரய்யா சிரித்தார். "ஆவணியில மட்டும் மூணு வாரம் மெஷினுக்குப் பைத்தியம் புடிச்சது. தெனமும் மலை மாதிரி தூசி காட்டுச்சு. கோளாறு, அதச் சேக்கக் கூடாதுன்னு எங்க வக்கீல் எழுதிக் குடுத்துட்டாரு."

"தூசிக்குத் தண்ணி தெளிக்கிற பைப்பெல்லாம் வச்சிருக்கீங்களே, நல்ல விசயம்ணே," என்றாள் சுகுணா சன்னல் வழியாகப் பார்த்து.

"காலையில ஒரு தடவ, மத்தியானம் ஒரு தடவ தெளிச்சிருவோம்மா. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல."

"பைப்பு வாய்க்குள்ள குளவி கூடு கட்டியிருக்கு. ஒங்க ஊர்க் குளவிக்கு நல்லா நீச்சல் தெரியும் போல."

வீரய்யா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. டீ சொல்லியிருந்தார், அதுவும் வரவில்லை.

டீயை ஊர் முக்கு கடையில்தான் குடித்தார்கள். "வீரய்யா இல்ல," என்றார் அருள்மணி.

"எனக்குப் புடிச்ச வில்லன் சார் அவரு. குளவியெல்லாம் வச்சிருக்காரு. ஏன் இல்லங்குறீங்க?"

"தண்ணி தெளிக்கிறேன்னு வாயால சொல்லத்தான் தெரியும் அந்த ஆளுக்கு. மாடியில ஒருத்தர் மாசக்கணக்கா சலிக்காம வேல பாத்திருக்காங்க. கூலிக்குச் செய்யிறவன் ஞாயித்துக்கெழமைய ஏன் விட்டான்? ஆவணியில மூணு வாரம் ஏன் விட்டான்?"

"லீவு போட்டிருப்பான்." விளையாட்டாகச் சொன்னவள், சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். தன் அலைபேசியில், இணையத்திலிருந்த அதே கோட்டைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "சார். தீபாவளிக்கு ஏறியிருக்கு. அரைப்பரீட்சை லீவு முழுக்க ஏறியிருக்கு. பொங்கலுக்கு ஏறியிருக்கு. கிரஷர் காலண்டர் இல்ல சார் இது. பள்ளிக்கூடக் காலண்டர்."

பெட்டியைப் பராமரிக்கும் பரிசோதனைக் கூடத்து ஊழியர் பிரவீன்குமாரை அருள்மணி அப்போதுதான் அழைத்தார். இளம் குரல். நாளைய விசாரணையை நினைத்துப் பயந்திருந்தது.

"சத்தியமா நான் தொடல சார். மாசம் ஒரு சனிக்கெழம சர்வீசுக்குப் போவேன், அவ்வளவுதான். நேத்துகூடப் போனேன், விசாரணைக்கு முன்னாடி ஒருக்கா பாத்துரலாம்னு. எப்பவும் போன் பண்ணிட்டுப் போவேன், நேத்து பண்ணல. பொட்டி பளிச்சுனு இருந்துச்சு. அந்த ஊர்ல மாதிரி வேற எங்கயும் பாத்துக்க மாட்டாங்க சார்."

"யாரு பாத்துக்குறாங்க?"

"கூட்டுற அக்காதான். வச்ச அன்னைக்கே சொல்லிட்டு வந்தேன். விலை ஒசந்த பொருளுக்கா, தூசி கீசி படாமப் பத்திரமாப் பாத்துக்கங்கன்னு. எல்லா ஊர்லயும் சொல்றதுதான்."

அருள்மணி நன்றி சொல்லாமலே வைத்துவிட்டார். டீ கிளாசைப் பெஞ்சில் வைத்தார். சுகுணா இன்னும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் ஒத்து வருது சார், ஆவணிதான் இடிக்குது. ஆவணியில மூணு வாரம் பள்ளிக்கூட லீவு ஏது?"

அவர் பேசாமல் இருப்பதில் பல வகை உண்டு. சுகுணாவுக்கு எல்லா வகையும் தெரியும். இது அவளுக்குத் தெரியாத வகை. அலைபேசியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அவளுக்கே விளங்கியது. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் கார்த்திகாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம் என்று உண்ணாமலை சொல்லியிருந்தாள். கூடவே இருந்தாள். பிள்ளை இறந்தது. காரியம் முடியும்வரை வீட்டில் கிடந்தாள். பிறகு வேலைக்குத் திரும்பினாள்.

பெட்டி உண்மை சொன்ன மூன்று வாரங்களும் அவைதான்.

"நாம வண்டியத் திருப்பிட்டுப் போயிரலாம் சார்," என்றாள் சுகுணா. அவள் குரல் அப்படி இறங்கி அவர் கேட்டதில்லை. "மெஷின் ரிப்பேருன்னு சொல்லிரலாம். அந்தக் குருவிக் குரல் பையன் மேல போட்டுரலாம். திட்டு வாங்கிட்டுப் போறான்."

"ரிப்பேர்னா நிரூபிக்கச் சொல்வாங்க. நிரூபிக்க முடியாது. அந்த அளவு அப்படியே நிக்கும். ரெண்டாவது கிரஷர் வந்துரும். சின்னதும் இருமுது."

"தெரிஞ்சா அந்த அக்கா என்னாவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"அதத்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

அவர்கள் எழுவதற்குள் கடைக்காரர் இரண்டு முறை பெஞ்சைத் துடைத்தார். இரண்டு முறையும் துணி வெள்ளையானது.

உண்ணாமலையின் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில். வாசலில் தொங்கிய ஈரச் சேலையை ஒதுக்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டியிருந்தது. அது அருள்மணியின் கன்னத்தில் ஒட்டியது. உள்ளே சுவரில் கார்த்திகாவின் படம், பள்ளிச் சீருடையில். மூலையில் அன்புமொழி படுத்துத் தூங்கினாள். ஒவ்வொரு மூச்சும் விசில் போலக் கேட்டது.

"வாங்க சார். மேல போனீங்களாமே. யாருன்னு தெரிஞ்சுதா?"

அருள்மணி சட்டைப் பையில் கையை விட்டார். கயிறு கையோடு வந்தது.

உண்ணாமலையின் முகத்தில் சிறு வெட்கம் வந்தது. "இது என் கயிறுல்ல. நேத்து அவசரத்துல விட்டுட்டு வந்துட்டேன். அந்தத் தம்பி சொல்லாமக் கொள்ளாம வந்து நிக்கிது. பழைய துணி தொங்குறதப் பாத்தா மரியாதையா இருக்காதேன்னு அப்படியே பிச்சு இழுத்துப் பையில சுருட்டிக்கிட்டு எறங்கிட்டேன்."

"என்ன துணிக்கா?" என்று சுகுணா கேட்டாள். கேட்கத் தேவையில்லாத கேள்வி.

"சேலதான். இந்தா வாசல்ல போட்டிருக்கோம்ல, அது மாதிரி. காலையில வந்ததும் நனைச்சு நாலு பக்கமும் சுத்திக் கட்டிருவேன். மத்தியானம் ஒருக்காத் தண்ணி தெளிப்பேன். சாயங்காலம் அவுத்து அலசிருவேன். ஒரு பொட்டுத் தூசி படவிட்டதில்ல சார். புள்ள போனதுக்கப்புறம் இன்னும் பதனமாப் பாத்துக்கிட்டேன். அதுதான நமக்கு இருக்குற கேமராப் பொட்டி."

"கேமராவா?"

"ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம். அங்கிட்டுக் கிரஷரப் பாத்துக்கிட்டே இருக்கும், அங்க தூசி கெளம்புனா எழுதிக்கிரும்னு." அவள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இல்லையா?"

வெளியே ஒரு லாரி போனது. வாசல் சேலை உள்ளே உப்பி, மறுபடி இறங்கியது.

"அது பாக்குற பொட்டி இல்லம்மா," என்றார் அருள்மணி. "மூச்சு விடுற பொட்டி. நம்ம மாதிரி காத்த உள்ள இழுக்கும். இழுத்த காத்துல எவ்வளவு தூசி இருக்குன்னு சொல்லும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

உண்ணாமலை அழவில்லை. எழுந்து போய், ஆணியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்து வந்தாள். உள்ளேயிருந்து ஒரு சுருட்டலை வெளியே எடுத்தாள். சனிக்கிழமை அலசாமல் சுருட்டிய சேலை அப்பளம் போல விறைத்திருந்தது. தரையில் வைத்து விரித்தாள். மடிப்புகள் நொறுங்கின. தூசி சலசலவென்று கொட்டி, சிமெண்டுத் தரையில் ஒரு மேடாக நின்றது. ஒரு நாள் தூசி.

"இத்தனையும் அதுக்குள்ள போயிருக்கணுமா சார்?"

"ஆமா."

"நான் போகவிடலையா?"

தூசிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டியவர் வீரய்யா. அந்த ஊரில் ஒரு நாளும் தவறாமல் தெளித்தவள் இவள். பெட்டிக்கு இழுக்க நல்ல காற்று கொடுத்தாள்.

உண்ணாமலை அந்த மேட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். சுவரிலிருந்த படத்தைப் பார்க்கவில்லை. தூங்குகிற சின்னவளைத்தான் பார்த்தாள்.

"மூத்தவ வகுப்பு நேர் கீழ சார். ஏழாப்பு. மெஷினுக்கு நேர் கீழ சன்னல். அந்தச் சன்னல்ல ஒரு துணி கட்டணும்னு எனக்குத் தோணவே இல்ல. புள்ளைகளுக்கு வெளிச்சம் வேணுமேன்னு விட்டுட்டேன்."

சுகுணா எழுந்து வெளியே போய்விட்டாள். அவள் வண்டிக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சும் சத்தம் சேலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"நீங்க செஞ்சதால புள்ள போகலம்மா," என்றார் அருள்மணி. "பொட்டி உண்மையச் சொல்லியிருந்தாக்கூட, அந்த ரெண்டு மாசத்துல யாரும் கிரஷர மூடியிருக்க மாட்டாங்க." உண்மையாகவும் இருக்கலாம். அவருக்கு நிச்சயமில்லை. அவள் கேட்டதாகவும் தெரியவில்லை.

அவள் விரலில் ஒட்டிய தூசியைப் பார்த்தபடி கேட்டாள். "நாளைக்கு நான் இதச் சொன்னா, அந்தப் பழைய கணக்கெல்லாம் செல்லாதா?"

"செல்லாது. ஆவணிக் கணக்கும் ஞாயித்துக்கெழமைக் கணக்கும்தான் நிக்கும்."

"எல்லாரும் இருக்கையில சொல்லணுமா? எம்புள்ள பேரையும் சொல்லணுமா?"

"சொல்லணும்."

அவள் தூசியைச் சிந்தாமல் சேலையை மறுபடி சுருட்டத் தொடங்கினாள். தரையில் கொட்டியதையும் உள்ளங்கையால் கூட்டி, சேலைக்குள்ளேயே போட்டாள். அத்தனை வருடம் கூட்டிப் பெருக்கிய கை, ஒரு துகளை விடவில்லை.

மறுநாள் விசாரணையில் உண்ணாமலை அந்தச் சேலையை அதிகாரியின் மேசைமேல் விரித்தாள். "நான்தான் போத்துனேன்" என்றாள். வீரய்யாவின் வக்கீல் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். அந்தச் சேலை பச்சையா நீலமா என்று பிறகு ஒரு பேச்சு வந்தபோது, பார்த்த ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கரையோரத்தில் பச்சை இருந்ததாகச் சுகுணா சொல்கிறாள். அன்று அந்த அறையில் இருந்த எனக்குக் கல்லின் நிறம்தான் நினைவிருக்கிறது.

இரண்டாவது கிரஷருக்கு அனுமதி கிடைக்கவில்லை. முதல் கிரஷரைச் சுற்றித் தகரச் சுவர் எழுப்பவும், மணலை மூடி வைக்கவும், தண்ணீர் தெளிக்கவும் உத்தரவானது. வீரய்யா குளவிக் கூட்டைக் கலைத்தார். ஆறு மாதம் ஒழுங்காகத் தெளித்தார், பிறகு வேறு தாலுகாவில் குவாரி எடுத்துப் போய்விட்டார். அந்த ஊரிலும் இப்போது வேப்ப மரங்கள் வெள்ளையாக இருப்பதாகக் கேள்வி. பிரவீன்குமாருக்கு வேலை போகவில்லை. புதிய ஊரில் பெட்டி வைக்கும்போது அது என்ன செய்யும் என்று ஊரைக் கூட்டி விளக்கிச் சொல்கிறான். சுகுணா இன்னும் வண்டி ஓட்டுகிறாள். நெடும்பாறைப்பட்டிப் பேச்சு வந்தால் மட்டும் கிண்டல் செய்வதில்லை. அருள்மணி அந்தத் துணிக்கயிற்றைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டார், அது அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அன்புமொழி ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இருமல் மழைக்காலத்தில் குறைகிறது, கோடையில் வருகிறது. மாடியில் பெட்டி இருக்கிறது, அடியில் புல் காய்ந்துவிட்டது. உண்ணாமலை அதே பள்ளிக்கூடத்தைத்தான் கூட்டுகிறாள். மாடிக்கு ஏறுவதில்லை. ஏழாம் வகுப்புச் சன்னலில் தினமும் காலையில் ஒரு ஈரச் சேலை கட்டுகிறாள்.